அசருக்குப் பிறகு ஒரு தொழுகை

செம்மணல்பட்டினத்துப் பள்ளிவாசலில் சீடர் மூத்தவர், குரு இளையவர். உவைசு காக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்குத் தொழக் கற்றுக்கொடுத்த, அந்தப் பள்ளியில் முன்னின்று தொழுகை நடத்தும் இமாமான இல்யாஸ் லெப்பை ஹஜ்ரத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த ஊரில் வயதில் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹஜ்ரத்தும் அப்படியே கூப்பிட்டார். காக்காவோ ஹஜ்ரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரக்கூடத் தயங்குவார்.

உவைசு காக்கா சரக்குத் தோணியில் சுக்கான் பிடித்தவர். தொழாதவர் என்று சொல்ல முடியாது. கரையில் இருந்தால் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். ஆனால் பக்கத்தில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அவர் குனிந்தால் குனிந்து, அவர் எழுந்தால் எழுந்து காலத்தை ஓட்டியவர். கடலை விட்டு வீட்டோடு தங்கிய பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது.

ஒரு நாள் பள்ளியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"எனக்குத் தொழத் தெரியாது ஹஜ்ரத்."

நரைத்த தாடியோடு இதைச் சொல்ல அவர் எவ்வளவு கூசியிருப்பார்! ஹஜ்ரத் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாராச்சும் வந்து கதவைத் தட்டினா?"

"பள்ளியைப் பெருக்குறோம்னு சொல்லிக்கலாம்."

"பொய்யாயிடுமே."

"பெருக்கிட்டாப் பொய்யாகாதே" என்று ஹஜ்ரத் ஒரு விளக்குமாற்றை அவரிடம் கொடுத்து, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. இருவரும் பெருக்கினார்கள். பிறகு படித்தார்கள். பள்ளிவாசல் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று ஊர் மெச்சிக்கொண்டது. காரணம் யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட மனிதரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லத்தான் வாய் வரும். ஆனால் இதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

தொழுகையின் உறுப்புகளைக் காக்கா சீக்கிரமே கற்றுக்கொண்டார். நிய்யத்து, தக்பீர், நிற்பது, பாத்திஹா, ருகூவு, நிமிர்வது, சஜ்தா, நடு இருப்பு, கடைசி இருப்பு, அதில் ஓதுவது, சலாம். பாய்மரம், கயிறு, சுக்கான், நங்கூரம் என்று தோணியைச் சொல்வதுபோல் ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எது போனாத் தோணி முங்கும் ஹஜ்ரத்?"

"எதுன்னு நினைக்கிறீங்க?"

"சஜ்தாதான் பெருசுன்னு தோணுது. நெத்தியே தரையில படுதே."

"ம்."

"இல்லையா?"

"நானும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் காக்கா. தெரிஞ்சதும் சொல்றேன்."

இன்னொரு நாள், இமாம் மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பாடம் வந்தது.

"இமாமுக்கு நேர் பின்னால நிக்கிறவரு 'சுப்ஹானல்லாஹ்'ன்னு சத்தமாச் சொல்லணும். இமாமு புரிஞ்சிக்கிட்டுத் திருத்திக்குவாரு. கடைசியில மறதிக்காக ரெண்டு சஜ்தா செய்வாரு."

"தப்புன்னு நேராச் சொன்னா என்ன?"

"தொழுகைக்குள்ள மனுசனோட பேசக் கூடாது. அல்லாஹ்வோடதான் பேசலாம். அதனால அவன்கிட்டச் சொல்லுவோம். 'குறையே இல்லாதவன் நீதான்'னு. சுப்ஹானல்லாஹ்ன்னா அதான் அர்த்தம்."

காக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தோணியில் ஒருவன் தவறு செய்தால் அவனுடைய பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுவார்கள். இங்கே தவறு செய்தவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறைவனைப் புகழ்ந்தால் போதும், இமாமுக்கு உறைத்துவிடும்.

"என்ன மரியாதை ஹஜ்ரத்!" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

சில மாதங்களில் ஹஜ்ரத் அவரைத் தனக்கு நேர் பின்னால் நிற்கச் சொன்னார். ஓதத் தெரிந்தவருக்கு, இமாம் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கக் கூடியவருக்கு உரிய இடம் அது. காக்கா அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டு அழுதார்.

அந்த ஊருக்கு ஒரு முத்தவல்லி உண்டு. பள்ளிவாசலின் நிர்வாகம் எல்லாம் அவர் கையில். மஹ்மூது நெய்னா மரைக்காயர் என்று பெயர். அவர் மகள் கல்யாணத்துக்குத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, ஹஜ்ரத் பள்ளியில் ஆடம்பரத்தைப் பற்றிப் பயான், அதாவது பிரசங்கம், செய்துவிட்டார். யார் பெயரையும் சொல்லவில்லைதான். ஆனால் பந்தல்கால் குழிகள் தெருவில் இன்னும் மூடப்படாமல் இருந்தன. ஊரே அந்தக் குழிகளைப் பார்த்துச் சிரித்தது.

மரைக்காயர் சிரிக்கவில்லை. "பயான்ல குறை சொல்றவரு தொழுகையில ஒரு பிசகு விடட்டும். அப்புறம் பேசிக்கிறேன்" என்று கடைவீதியில் வைத்தே சொன்னார். ஹஜ்ரத் குடியிருந்தது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசல் வீட்டில். வேலை போனால் வீடும் போகும். மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரியும். காக்காவுக்கு ராத்திரி தூக்கம் வராத அளவுக்குத் தெரியும்.

அந்தப் பிசகு, சில மாதங்கள் கழித்து ஒரு சாதாரண நாளில், பிற்பகலில் தொழும் அசர் தொழுகையில் வந்தது.

அசர் நான்கு ரக்அத்து; நின்று, குனிந்து, சஜ்தா செய்து முடிக்கும் ஒரு சுற்றுதான் ரக்அத்து. சத்தமில்லாமல் ஓதுவது. வந்திருந்தவர்கள் ஒன்றரை வரிசை. காக்கா ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றார். அவருக்கு வலப்பக்கம் மரைக்காயர். மூன்றாவது ரக்அத்தின் சஜ்தாவிலிருந்து ஹஜ்ரத் தலையை உயர்த்தினார். நான்காவதுக்கு எழுந்து நிற்க வேண்டியவர் எழவில்லை. கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டார்.

காக்காவுக்கு அப்போதே தெரிந்தது. சுப்ஹானல்லாஹ் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் மரைக்காயரின் அத்தர் மணத்தது. சொன்னால் பள்ளி முழுக்கக் கேட்கும். இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே மரைக்காயர் காத்திருக்கிறார்? கதவைச் சாத்தித் தன் மானத்தைக் காப்பாற்றிய மனிதரை, அவர் கற்றுக்கொடுத்த சொல்லாலேயே நான் தெருவில் நிறுத்துவதா?

சொல்லை விழுங்கிவிட்டார்.

தொழுகையை முடிக்க ஹஜ்ரத் வலப்பக்கம் சலாம் கொடுத்தார். இடப்பக்கம் சலாம் கொடுத்தார். காக்காவும் கூடவே கொடுத்தார். எழுந்து நான்காவதைத் தனியாகத் தொழுதிருக்கலாம். எழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மரைக்காயரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் பாட்டுக்குத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கவனிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று காக்காவுக்கு மூச்சு வந்தது.

துஆ முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். ஹஜ்ரத்தும் வீட்டுக்குப் போனார். அதுவரை காத்திருந்த காக்கா, ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, அசரை முழுதாகத் தொழ ஆரம்பித்தார். தன் கடமை பாக்கி நிற்கக் கூடாது அல்லவா?

பாதியில் ஹஜ்ரத் திரும்பி வந்தார். மூக்குக்கண்ணாடியை இமாம் நிற்கும் மிஹ்ராப் மாடத்தில் வைத்து மறந்துவிட்டாராம். காக்கா தொழுவதைப் பார்த்தார். முடியும்வரை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தொழுகை காக்கா? அசருக்குப் பிறகு உபரியாத் தொழுற சுன்னத்துத் தொழுகை கிடையாதே."

"களா ஹஜ்ரத். விட்டுப்போனது."

"எந்த வக்து?"

"அசர்."

"எந்த நாளு அசரு?"

போன வருசத்து அசர் என்று சொல்லியிருக்கலாம். அறுபது வருடத்தில் விட்ட தொழுகைக்கா பஞ்சம்? நாக்கு நுனியில் அந்தப் பதில் தயாராகவே இருந்தது. ஆனால் இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"இன்னிக்கு அசர் ஹஜ்ரத்."

ஹஜ்ரத் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மூணுலயே சலாம் கொடுத்துட்டேனா?"

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க உக்காரும்போதே."

"அதனால உங்க தொழுகையைச் சரி பண்ணிக்கிட்டீங்க."

"ஆமா ஹஜ்ரத்."

"மத்தவங்களுது?"

காக்கா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஹஜ்ரத் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

"யார் யாரு வந்திருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"வீடு வீடாப் போய்ச் சொல்லிடுவோம்."

"பொழுது சாஞ்சா மஃரிபுக்கு எப்படியும் வருவாங்களே ஹஜ்ரத். அப்போ..."

"மஃரிபு வந்துட்டா அசர் வக்து போயிடுமே காக்கா."

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இருவரும் நடந்தார்கள். ஹஜ்ரத்தின் நடை ஓட்டமாக இருந்தது.

முதலில் பீர்கண்ணு டீக்கடை. விஷயத்தைக் கேட்டதும் அவர் கொதிக்கும் பாலை இறக்கி வைத்தார்.

"அட! எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு ஹஜ்ரத். உவைசு காக்காவே பேசாம இருக்காரே, நமக்குத்தான் கணக்குப் பிசகிப்போச்சுன்னு நினைச்சிக்கிட்டேன்."

துணிக்கடைக்காரரும் இதையேதான் சொன்னார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரரும் அதே. "காக்கா பின்னால நிக்கிறாரே" என்பதுதான் எல்லாருக்கும் சமாதானம். ஒவ்வொரு வாசலிலும் காக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக்கொண்டே வந்தார். ஒருவர் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டிருந்தார். ஹஜ்ரத் நடந்துகொண்டே அவருக்குப் போன் போட்டார். "வண்டி டீக்குடிக்க நிக்கும்ல, அங்க இறங்கித் தொழுதுடுங்க. என் மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க" என்றார்.

எல்லா வாசலிலும் "என் மேலதான் தப்பு" என்றார். காக்காவின் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது மரைக்காயர் வீடு.

"வேண்டாம் ஹஜ்ரத்" என்று காக்கா தெருமுனையிலேயே நின்றுவிட்டார். "அவரு கவனிக்கவே இல்ல. நான் பார்த்தேன். தெரியாதவருக்கு அல்லாஹ் குத்தம் பிடிக்க மாட்டான்."

"எனக்குத் தெரியுமே."

"பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சேன் காக்கா. மூணாவது ரக்அத்துல அதைத்தான் நினைச்சேன்." ஹஜ்ரத் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீடு போனா எங்க போறது, யாரைக் கேக்கிறதுன்னு. அல்லாஹ்வுக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு, இதோ இந்த வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். அப்புறம் எண்ணிக்கை எப்படி நிக்கும்?"

சொல்லிவிட்டு அந்த வாசலை நோக்கியே நடந்தார்.

மரைக்காயர் கூடத்து ஊஞ்சலில் இருந்தார். சலாம் சொல்லி, ஹஜ்ரத் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இன்னிக்கு அசரை மூணு ரக்அத்துல முடிச்சிட்டேன். மறதி. நீங்க திரும்பத் தொழணும்."

ஊஞ்சல் நின்றது. மாதக்கணக்கில் காத்திருந்தது தானாகவே வீடு தேடி வந்து நிற்கிறது. மரைக்காயர் அவசரப்படவில்லை.

"இமாமுக்கே எண்ணிக்கை தப்பினா ஊரு வேற இமாமைத்தான் பார்க்கணும் ஹஜ்ரத்."

"பாருங்க. அதுக்கு முந்தி அசரைத் தொழுதுடுங்க. பொழுது இறங்குது."

மரைக்காயர் பொழுதைப் பார்க்க வாசல் பக்கம் திரும்பினார். காக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மரைக்காயரே, நீங்களும் முதல் வரிசையிலதானே..."

ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்தார்.

"வாங்க காக்கா. அவரு கைகால் கழுவி ஒளுச் செய்யணும். நேரம் இல்ல."

இருவரும் படியிறங்கும்போது உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஹஜ்ரத் அல்ஹம்துலில்லாஹ் என்றார். வேலை தப்பியதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதைப் பற்றி மரைக்காயர் ஒன்றும் சொல்லவே இல்லையே.

பின்னாலும் அவர் சொல்லவில்லை. வேறு இமாமையும் பார்க்கவில்லை. பார்த்தால் ஏன் என்று ஊர் கேட்கும். இமாம் மூன்றில் முடித்தது, முதல் வரிசையிலேயே நின்ற முத்தவல்லிக்கு எப்படித் தெரியாமல் போனது என்றும் கேட்கும். அல்லது ஒரு மனிதர் தன் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, உங்கள் தொழுகை போய்விடக் கூடாது என்று நின்றது அவரை ஏதோ செய்திருக்கலாம். நல்லதையே நினைப்போம்.

மஃரிபுக்கு எல்லாரும் வந்தார்கள். உவைசு காக்கா கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வரிசையைச் சரிசெய்யத் திரும்பிய ஹஜ்ரத், தனக்குப் பின்னால் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை. பீர்கண்ணு நகர்ந்து அதை நிரப்பினார்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் படிக்கட்டில் காக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒளுச் செய்கிறவர்கள் எல்லாம் போய்விட்டதால் தண்ணீர் அசையாமல் இருந்தது. ஹஜ்ரத் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார். காக்கா பதறி எழப் போனார். ஹஜ்ரத் விடவில்லை.

"எனக்கு அந்த இடம் வேண்டாம் ஹஜ்ரத்."

"ஏன்?"

"தகுதி இல்ல. எல்லா உறுப்பையும் படிச்சேன். ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். தேவைப்பட்ட நேரத்துல ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

"விடலை காக்கா. சொன்னீங்க."

காக்கா புரியாமல் பார்த்தார்.

"நான் வாயே திறக்கலையே ஹஜ்ரத்."

"வாயைத் திறக்காமலே 'குறையே இல்லாதவன்'னு சொன்னீங்க. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிட்டீங்க."

உவைசு காக்கா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தும் நிற்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை ஹஜ்ரத் எழுந்துபோகவில்லை. சமாதானமும் சொல்லவில்லை.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். ஹஜ்ரத் எழுந்து இரண்டு படி ஏறி, திரும்பிக் கையை நீட்டினார்.

"வாங்க காக்கா. எனக்குப் பின்னாலயே நில்லுங்க. நான் மறக்கிற ஆளு."